கொஞ்சம் யோசிப்போம்

குப்பையைத் தரம் பிரிப்பதில் எங்கள் அடுக்குமாடியில் என்னை மிஞ்ச ஆளில்லை. பாட்டில் வேறு, மூடி வேறு, மூடியின் வளையம் வேறு. எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைத்திருந்தார். நானே பிரித்து வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். இதைச் சொல்வது, நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காகத்தான்.

என் வேலையும் அதுதான். எரிமலைக்குப் பக்கத்தில் மண்ணில் புதைத்த கருவிக்கு எல்லாமே அதிர்வுதான். காற்று, லாரி, நடந்து போகிறவனின் பூட்ஸ். அவற்றைக் கழித்து மலையின் சத்தத்தை மட்டும் தருகிற மென்பொருளை நான் எழுதினேன். சல்லடை என்று பெயர் வைத்தேன். ஜப்பான் முழுக்க எல்லா ஆய்வு நிலையத்தாரும், பிறகு பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாக்காரர்களும் அதையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரே பதிப்பைத்தான் எல்லோரும் ஓட்ட வேண்டும் என்பது நான் வைத்த விதி. ஆளுக்கொரு பதிப்பு என்றால் ஒருவர் கணக்கு இன்னொருவருக்கு ஒத்துவராது. மலையில் ஏறலாமா கூடாதா என்ற எச்சரிக்கையும் அந்த ஒரே பதிப்பிலிருந்துதான் போகும். கட்டுரைகளில் என் பெயர் வராது. சல்லடைக்கு யார் நன்றி சொல்வார்கள்?

யாரும் திருத்தம் அனுப்பலாம். மூத்தவர்கள் யாராவது அதன்மேல் "கொஞ்சம் யோசிப்போம்" என்று குறி போட்டால் அது அப்படியே நிற்கும். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது எங்களிடம் மரியாதை இல்லை.

மினேகிஷி கஹோ கேட்பாள். கல்லூரியில் எனக்கு இளையவள். குரோகானே மலையடிவார நிலையத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மலையின் மெல்லிய அதிர்வைச் சல்லடை காற்று என்று நினைத்துக் கழிக்கிறது என்று திருத்தம் அனுப்பியிருந்தாள். நான் குறி போட்டேன். அடுத்த வாரமே தொலைபேசி வந்தது.

"சீனியர், யோசிச்சு முடிச்சாச்சா? அரிசி போட்டிருந்தா இந்நேரம் கஞ்சியே ஆகியிருக்கும்."

"காத்தா இருக்கலாம் கஹோ."

"காத்துக்கு ஒரே தாளத்துல அடிக்கத் தெரியுமா? மலை மூச்சு விடுது. உங்க சல்லடை அதைக் குப்பையில போடுது. இலையுதிர் சீசன், மேல கூட்டம் அம்முது. எச்சரிக்கைப் பலகையில 'அமைதி'ன்னு போட்டிருக்கு."

"ஆண்டுக் கூட்டம் முடியட்டும், பாக்கலாம்."

"ஓ, விருதை வாங்கிட்டுத்தான் தப்பை ஒத்துப்பீங்க. எல்லாருக்கும் தெரியும் சீனியர். எனக்குத்தான் வாய் அடங்க மாட்டேங்குது."

சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னை மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சல்லடை தப்பு என்றால் அதை நம்பி எழுதிய கட்டுரைகள் எல்லாம் தப்பு. எழுதியவர்கள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

நியாயமான ஒரு வழி சொன்னேன். "உச்சியில மரமில்ல, காத்து வேற மாதிரி அடிக்கும். அங்க ஒரு கருவி வை. அதுலயும் அதே தாளம் வந்தா அன்னிக்கே ஏத்துக்கறேன்."

"வெக்கிறேன். இறங்கி வந்ததும் ஒரு பாட்டில் நல்ல சாக்கே வாங்கித் தரணும். மலிவு சரக்கெல்லாம் செல்லாது."

ஆய்வில் இது சாதாரணக் கோரிக்கை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை உச்சியிலிருந்து கூப்பிட்டாள். மூச்சிரைத்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தம். சின்னக் கோயிலுக்குப் பக்கத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சோற்றுருண்டை சாப்பிடுகிறார்கள் என்றாள்.

"எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க, உப்பு மீன் வெச்சது. சரி சீனியர், கருவியை எங்க வைக்கட்டும்?"

"இன்னும் கொஞ்சம் மேல" என்றேன்.

மதியம் மலை வெடித்தது. கோயில் கூரையே இல்லை என்று பிறகு படத்தில் பார்த்தேன். கஹோவைக் கடைசியாகத்தான் எடுத்தார்கள். எல்லோரையும்விட மேலே இருந்தாள்.

கூட்டத்தில் எழுந்து நின்று மௌனம் காத்தோம். அழுதேன், அது நடிப்பில்லை. விருதையும் வாங்கிக்கொண்டேன், மறுத்தால் கேள்வி வரும். அன்று மாலையே குறியை எடுத்துவிட்டு அவள் திருத்தத்தை அவள் பெயரிலேயே சேர்த்தேன். குறி ஏன் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். திருத்தம் சரியென்று எனக்கு முன்பே தெரியுமா என்று.

பழைய பதிவுகளில்தான் அவளால் அதை ஓட்டிப் பார்க்க முடிந்தது. மலையிலிருந்து அந்த நிமிடம் வருகிற அதிர்வில் ஓட்டும் அனுமதி என் ஒருவனிடம்தான். அன்று காலை ஓட்டிப் பார்த்தேன். ஆமாம், அவள் கூப்பிடுவதற்கு முன்னால். கோடு மெலிதாகத் தொடங்கி, பருத்து, திரை கொள்ளாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பிழைகூட இல்லை. அவள் வேலை அவ்வளவு சுத்தம். அவள் பேசிக்கொண்டிருந்தபோதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரையும் கூட்டிக்கொண்டு இறங்கி வா என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள்.

மறுநாள் கூட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு மனதாரப் பாராட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நல்ல சாக்கேவாகவே வாங்கி வைத்திருந்தேன்.