ஆணித் தரையில் ஒரு மோதிரம்

விடியற்காலை நாலு மணி இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து கோடவுன்களுக்குப் பிரிகிற ரோடு. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. ஒரு நாய்கூட இல்லை... அந்த ரோட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போகிறது.

ஏய், அந்த செல்லை முதலில் அணை. கரண்ட் வரும்போது வரட்டும். மழை விடாமல் ஒருத்தியும் வீட்டுக்குப் போகப் போவதில்லை, தையல் மெஷினும் ஓடப் போவதில்லை. கதை வேண்டுமென்றால் கிட்டே வந்து உட்காருங்கள். நடுவில் யாராவது சிரித்தால் நிறுத்திவிடுவேன். அப்புறம் காலில் விழுந்தாலும் சொல்ல மாட்டேன்.

நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். ஸ்கூட்டரில் போனது அவருடைய பெரிய மச்சினன். மாஸ்டர் கதை கட்டுகிற ஆள் இல்லை. பொய் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே, அதற்கே யோசிக்கிற மனுஷன்.

அவர் மாமியாருக்கு ஒரு பெண், இரண்டு பையன்கள். பெண்ணைத்தான் மாஸ்டர் கட்டியிருந்தார். பையன்களைப் பெரியவன், சின்னவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரப்பெட்டி செய்கிற கோடவுன் ஒன்றில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ராத்திரிக் காவல். பழைய வெள்ளிச் சங்கிலி ஒன்றை அழித்து, அம்மா இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மோதிரம் செய்து போட்டிருந்தாள். அகாலத்தில் வீட்டுக்கு வந்தால் கூப்பிட மாட்டார்கள், மோதிரத்தால் இரும்புக் கதவைத் தட்டுவார்கள். சின்னவன் இரண்டு தட்டு, பெரியவன் மூன்று தட்டு. சத்தத்தை வைத்தே யாரென்று தெரிந்து அவள் எழுந்து வருவாள்.

ஒரு நாள் பெரியவனுடைய முறை. "லேசா காய்ச்சல் அடிக்குதுடா, இன்னைக்கு மட்டும் நீ போயேன்" என்றான். காய்ச்சலாவது மண்ணாவது, டி.வி.யில் மேட்ச். சின்னவனுக்கும் அது தெரியும். "நடிக்காத, நான் போறேன்" என்று அண்ணன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி கோடவுன் எரிந்தது.

மரம், வார்னிஷ், வைக்கோல். அணைக்கவே மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. சின்னவன் கிடைக்கவில்லை. உடம்பு வேண்டாம், ஒரு எலும்பு... ஒரு பல்... எதுவுமே இல்லை. கூரை இடிந்து, சாம்பலும் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து, எல்லாம் ஒரே கறுப்புச் சேறு.

அம்மா அழவில்லை. அதுதான் பயமே. "செத்திருந்தா ஏதாவது கெடைக்கணும்ல? கெடைக்கல. அப்ப எங்கயோ போயிருக்கான், வருவான்" என்று சொல்லிவிட்டாள். கதவுக்குத் தாழ் போடுவதை நிறுத்தினாள். வாசலுக்கு நேரே பாயைப் போட்டு, கண்ணை மூடாமல் படுத்தாள். சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டாள். பெரியவன் காலைப் பிடித்துக் கெஞ்சியதற்கு ஒன்று மட்டும் சொன்னாள். "அவனோடது ஏதாவது ஒண்ணு கொண்டாந்து என் கைல குடு. அப்ப நம்பறேன், அப்ப அழறேன். அது வரைக்கும் என்கிட்ட பேசாத."

பெரியவனிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருந்தது. லீவு நாளில் அதைத் தூக்கிக்கொண்டு பார்க்கு, மைதானம் என்று சுற்றி, சில்லறையும் சாவியும் சோடா மூடியும் பொறுக்கி வருவான். தெருவில் அவனுக்குப் பெயரே காயலான். அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு கோடவுனுக்கு ஓடினான். தினமும் போனான். ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் தெரியுமா? பெட்டி எரியும், ஆணி எரியுமா? லட்சக்கணக்கான ஆணி அந்தச் சேற்றுக்குள். மெஷினின் அடியில் தட்டு மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும், அதற்குக் காயில் என்று பெயர். அவனிடம் இருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவு. எங்கே வைத்தாலும் கர்ர்ர் என்று ஒரே கூச்சல். கடைக்காரர்தான் புத்தி சொன்னார்.

"பெரிய காயில் ஆழமாப் போகும், இல்லேங்கல. ஆனா உங்க எடத்துல அதுக்குக் கீழ ஒரே நேரத்துல பத்து ஆணி கெடக்கு. பத்தும் சேந்து கத்துனா நடுவுல மோதிரம் முனகறது எப்படிங்க கேக்கும்? சின்னதா மாட்டுங்க. ஒரு சாண்கூட எறங்காது. ஆனா ஆணிக்கும் ஆணிக்கும் நடுவுல பூந்து பாக்கும். நத்தையா நகத்துங்க, அவசரமே கூடாது."

அவசரம் கூடாதாம்! சாஸர் அளவுக் காயில் ஒன்று அவன் கைக்கு வந்த அன்றைக்குத்தான் கோடவுன் சூப்பர்வைசர் சொல்கிறார், "தம்பி, காலைல கான்கிரீட் லாரி வருது. விடியறதுக்குள்ள என்ன பாக்கணுமோ பாத்துக்க." விடிந்தால் சின்னவன்மேல் சிமெண்டுத் தரை. அப்புறம் ஜென்மத்துக்கும் அம்மா அழப் போவதில்லை, வாயைத் திறந்து பேசப் போவதும் இல்லை. அதனால்தான் அந்த நாலு மணி ஸ்கூட்டர்.

கேட் ஓரமாக வண்டியை நிறுத்தினான். தேடுகிறவன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, அதுவும் சேர்ந்து கத்தி மெஷினைக் குழப்பிவிடும். பெல்ட், சாவி, செல் எல்லாவற்றையும் கழற்றினான். மோதிரத்தையும் கழற்றினான். கழற்றியதைக் காயிலுக்கு முன்னால் ஒரு தடவை ஆட்டிக் காட்டினான். மெஷின் டொய்ங் என்று சுத்தமாக ஒரு மணிச் சத்தம் கொடுத்தது, திரையில் எண்பத்து மூன்று என்று காட்டியது. ஒரே சங்கிலியில் செய்த மோதிரம், சின்னவனுடையதும் எண்பத்து மூன்றுதான் காட்டும். மற்ற எண்களையெல்லாம் அடைத்தான். இது ஒன்றுக்கு மட்டும் கத்து என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டான். மோதிரத்தைப் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினான், சாவியைக் கேட் கம்பியில் மாட்டினான்.

"எதுக்குக்கா இவ்ளோ விவரமா சொல்றீங்க?"

காரணமாகத்தான் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு கேள்.

ஈரக் கரியும் பழைய வார்னிஷும் கலந்த நாற்றம். ஹெட்போனை மாட்டினான். காலை வைத்தால் சேற்றுக்குள் ஆணிகள் நறநறவென்று நெரிந்தன. நத்தை மாதிரி நகர்த்தினான். சத்தமே இல்லை. ஒரு வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்தது... எதுவுமில்லை. இடுப்பு ஒடிந்தது. கிழக்கே வானம் வெளுக்க ஆரம்பித்தது. சேற்றில் மண்டி போட்டு, சின்னக் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான்.

"டேய்... நான்தான்டா போயிருக்கணும். தெரியும்டா. ஒரே ஒரு சத்தம் குடுடா. அம்மா செத்துடுவாடா..."

டொய்ங்.

அவன் காயிலைத் தரையில் வைத்திருக்கவில்லை. கைப்பிடியைத் தோளில் சாய்த்திருந்தான். காயில் அந்தரத்தில் நின்றது. சுற்றிலும் வெறும் காற்று.

மெல்ல இடப்பக்கம் நகர்த்தினான். சத்தம் இல்லை. வலப்பக்கம் கொண்டுவந்தான்... டொய்ங். எண்பத்து மூன்று. ஒரு ஆள் பக்கத்தில் நின்றால் கை எங்கே தொங்குமோ, அந்த உயரத்தில்.

புதிதாக எரிகிற மர வாசனை வந்தது. முழங்கையில் சூடு பட்டது.

நானாக இருந்தால் அங்கேயே உயிரை விட்டிருப்பேன். அவனுக்குப் பயம் வரவில்லையாம். நம்பிக்கை வந்ததாம். சத்தம் மெல்ல நகர்ந்தது, இவனும் காயிலை அந்தரத்தில் பிடித்தபடி பின்னாலேயே போனான். காவல்காரன் நாற்காலி போடுகிற மூலை வரைக்கும் போய், அங்கே சத்தம் கீழே இறங்கியது. மண்ணுக்குள் போய் நின்றுவிட்டது. கையாலேயே தோண்டினான். ஆணி கிழித்து ரத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை. நாலு விரல் ஆழத்தில் வெள்ளி மோதிரம். லாரிச் சத்தம் கேட்டில் வந்துவிட்டது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய் ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

அன்று மாஸ்டரும் அவர் சம்சாரமும் மாமியார் வீட்டில்தான் இருந்தார்கள். இனி நடந்ததெல்லாம் மாஸ்டர் கண்ணால் பார்த்தது. பெரியவன் உள்ளே வந்து அம்மா கையில் மோதிரத்தை வைத்தான். "கெடைச்சுடுச்சும்மா... அழும்மா" என்றான். அவள் முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

உள்பக்கம் ஒரு தழும்பு இருந்தது. பெரியவனுக்கு விரல் பருத்ததால், போன வருஷம் அவன் மோதிரத்தை மட்டும் அறுத்துப் பெரிதாக்கிப் பற்றவைத்திருந்தார்கள். சின்னவனுடையதில் அந்தத் தழும்பு கிடையாது.

"இது பெரியவனோடது" என்றாள்.

பெரியவன் வாசலுக்குப் பாய்ந்தான். மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். பூட்டிய சீட்டைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தால்... அடிப்பக்கம் வட்டமாக உருகிப் போயிருந்தது. உள்ளே கன்னங்கரேலென்று ஒரு மோதிரம். தொட்டால் சுட்டது.

இப்போது புரிகிறதா, ஏன் விவரமாகச் சொன்னேன் என்று? தம்பியைத் தேடச் சொல்லி மெஷினுக்கு அவன் காட்டியது தன் மோதிரத்தை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது.

அம்மா அந்தக் கறுப்பு மோதிரத்தை வாங்கி, பெரியவன் விரலில் போட்டாள். முன்பெல்லாம் தம்பி மோதிரம் அவனுக்கு மூட்டுக்கு மேல் ஏறாது. அன்று வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவன் கன்னத்தைத் தடவிக் கேட்டாள். "சின்னவனே, எவ்ளோ நாளாச்சுடா ஒன்னப் பாத்து... அண்ணன் எங்கடா?"

அப்புறம்தான் அழுதாள். பெரியவன் பேரைச் சொல்லி, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் "அம்மா நான் இங்க இருக்கேம்மா" என்று கத்தினான். அவள் காதில் விழவே இல்லை.

அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாள். தோண்டி எடுத்த மோதிரத்தை ஜன்னல் திட்டில் வைத்தாள். இத்தனை நாள் கழித்துக் கதவுக்குத் தாழ் போட்டாள். "சின்னவன் வந்துட்டான்ல, இனிமே எதுக்கு?" என்று படுத்தவள் உடனே குறட்டை விட்டாள். கூடத்தில் மாஸ்டரும் பெரியவனும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள்.

நடு ராத்திரி. ஈரக் கரி நாற்றம்.

இரும்புக் கதவில் சத்தம். டிங்... டிங்... டிங்.

மாஸ்டர் டார்ச்சை ஜன்னல் பக்கம் அடித்தார். திட்டு காலியாக இருந்தது.

"நாயா இருக்கும், படுடா சின்னவனே" என்று தூக்கத்திலேயே சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் படுத்தாள்.

மறுபடியும் மூன்று தட்டு. மாஸ்டர் எழப் போனார். பெரியவன் அவர் கையை இறுக்கிப் பிடித்தான். விரல் கொதித்தது. காதோரமாக வந்து, அழுகிற குரலில் சொன்னான்.

"தெறந்து விடுங்க மாமா... வெளிய நிக்கறது நான்."