ரசம் கொதிக்கையில் முடிந்த நாவல்

எழுதினால் அக்காதான் எழுதுவாள் என்று அந்தக் குடும்பமே நம்பியிருந்ததாம். மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் சகோதரிகள் இருவர். தங்கை எழுதிய முதல் நாவல் அக்காவின் மடியில் பிரிக்கப்படாமல் கிடந்தது.

"ரசம் கொதிக்கறச்சே போன்ல பேசிப் பேசியே நாவலை முடிச்சுட்டே. நான் மேஜை வாங்கிப் போட்டுண்டு, கதவைச் சாத்திண்டு உக்காந்தும் முதல் அத்தியாயத்தைத் தாண்டலை."

"அந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் உனக்குத்தானே அக்கா அனுப்பினேன்? தினம் நீ 'அப்புறம்?'னு கேட்டே. அதான் மேலே சொல்ல வந்தது."

"ஏதோ பக்கத்தாத்து வம்புன்னு நெனச்சுண்டுன்னா கேட்டேன்!"

"இனிமே நீ சொல்லு. நான் கேக்கறேன்."

"அதுக்கு உன்னாட்டம் வாய் வேணும்டீ."

அடையாறில் தங்கை இறங்கிக்கொண்டாள். நாவலைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு, கடைசி நிறுத்தம்வரை அக்கா மட்டும் இருந்தாள்.