ராஜம் மெஸ் சாம்பாரில் கலந்தது என்ன?

பெயர் ஜலஜா, வயது 36, கணவர் பெயர் சேஷாத்ரி, வங்கி ஊழியர், விலாசம் லேக் மார்க்கெட் பின்புறச் சந்து, கொல்கத்தா. 12.1.2004 காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் நான் தமிழில் சொல்ல, எழுத்தர் கோவிந்தராஜன் எழுதிக்கொண்டது:

எங்கள் தமிழர் சங்கத்தின் இணையதளத்தை இரண்டு வருடமாக நடத்தி வருகிறேன். 'சங்கச் செய்திகள்' என்று தலைப்புப் போட்டால் ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் கொஞ்சம் கிள்ளிவிடுகிற மாதிரி தலைப்பு வைக்கத் தொடங்கினேன். அதன் பிறகு கூட்டம் வந்தது. "ஆர்டிகிள் பிரமாதம்" என்று கடைத்தெருவில் நிறுத்திச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை, 'ராஜம் மெஸ் சாம்பாரில் கலப்பது என்ன? தெரிந்தால் கை நனைப்பீர்களா?' என்று போட்டேன். ராஜம் மாமி ஒரு துளி ஈச்ச வெல்லம், அதாவது வங்காளிகளின் நொலேன் குட், சேர்க்கிறார், அந்த ருசிக்கு ஈடில்லை என்று உள்ளே எழுதியிருந்தேன். அதன் பிறகு சனிக்கிழமை மெஸ்ஸில் இலை போட்டு உட்கார ஆளில்லை. ஞாயிறன்று, பொங்கல் விருந்துக்குச் சொல்லியிருந்த இருநூறு இலையையும் சங்கம் வேண்டாம் என்றது. அதன் பிறகு மாமி புகார் கொடுத்தார்.

இன்று நிலைய அதிகாரி போரோபாபு இங்குள்ள கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். தலைப்பு பளிச்சென்று தெரிந்தது, கீழே எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. தலைப்பைப் படமாகப் போடுவதால் எங்கும் தெரியும், உள்ளே படிக்கத் தமிழ் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். எல்லோர் கணினியிலும் இப்படித்தான் தெரிகிறது என்று உடனிருந்த மாமி சொன்னதும், ஒருவரும் அதை இறக்கவில்லை என்பது இன்றுதான் தெரிந்தது. இரண்டு வருடமாகப் பிரமாதம் என்று பெயர் வாங்கியது வெறும் கட்டங்கள். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

அதன் பிறகு கைப்பையிலிருந்த ஃப்ளாப்பியைப் போட்டு எழுத்துருவை ஏற்றினேன். கோவிந்தராஜன் உரக்கப் படித்து வங்க மொழியிலும் சொன்னார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையாடி எழுதினே? என் இருநூறு இலையும் திரும்பி வரணும், இப்பவே" என்றார்.

நிலைய போனில் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு முழுவதையும் வாசித்தேன். "ஆர்டிகிள் பிரமாதம்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார். இலை திரும்பியது. செயலாளர் என் கணவர். எங்கள் வீட்டுக் கணினியில் எழுத்துரு இருக்கிறது என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

மாமி புகாரைத் திரும்பப் பெற்றார். போரோபாபு தனக்கும் ஓர் இலை சேர்த்து இருநூற்றொன்று என்றார்.

கோவிந்தராஜன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

மேலே உள்ளது நான் சொன்னதுதான், உண்மைதான். தலைப்போடு நிற்காமல் கடைசி வரி வரை படித்துக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) சே. ஜலஜா