ஸ்டெல்லா விற்ற சென்ட்

எனக்கு சென்ட் போடுகிற பழக்கம் இல்லை இன்ஸ்பெக்டர் சார். ஒரு சொட்டு பட்டாலும் தும்மல் வந்துவிடும். விற்ற சரக்கில் ஒரு பாட்டிலைக்கூட எனக்கென்று எடுத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. கொல்லிமலையில் அரசு ஆஸ்பத்திரி மருந்தாளுநர். நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில், சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிநாட்டு சென்ட்டைப் பாதி விலைக்கு விற்கும் பெண்களை அப்படித்தான் கண்டேன். எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். மர்மம் ஒன்றும் இல்லை சார். மூடப்போகிற கடைகளின் மிச்சம், பெட்டி நசுங்கியது, முகர்ந்து பார்க்க வைத்திருந்த டெஸ்டர் பாட்டில், தேதி முடியப்போவது. சென்னையில் தனபால் என்கிற மொத்த வியாபாரி இதையெல்லாம் வாங்கிக் குவித்திருந்தார். அவரிடம் வாங்கி நானும் செல்போனிலேயே விற்க ஆரம்பித்தேன். முதல் வருடம் நான் விற்றது எல்லாமே அசல்.

பிறகு தனபால் கையை விரித்தார். சரக்கு வேறு ஆளுக்குப் போய்விட்டது. என்னை நம்பி வாங்கியவர்களோ தினமும் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். தனபாலிடம் காலி பாட்டில்கள் மட்டும் இருந்தன. அவற்றை வாங்கினேன். அசலில் கொஞ்சம், மீதிக்கு ஸ்பிரிட். நல்ல ஸ்பிரிட்டுக்கு லைசென்ஸ் கேட்பார்கள். பெயின்ட்டில் கலக்குகிற மெத்தனால் கேட்டதும் கிடைத்தது. தோல் எரிகிறது என்று சிலர் எழுதினார்கள். அதையெல்லாம் அழித்துவிட்டேன்.

பாட்டில்களை நிரப்புவதற்கு, மலையிலேயே வளப்பூர் நாட்டுக் கிராமத்து யமுனாவை வைத்துக்கொண்டேன். என் வயதுதான். புருஷனை இழந்து அண்ணன் சென்றாயன் வீட்டில் இருந்தாள். நிதானமான கை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வாசனை ரோட்டுக்குப் போகாதபடி ஜன்னல்களை ஆணி அடித்து மூடினேன். மெத்தனால் கேன் மேலிருந்த மண்டையோட்டுப் படத்தை நானே சுரண்டி எடுத்தேன். பார்த்தால் பயப்படுவாள். பயந்தால் கை நடுங்கும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க மேடம், ஊட்டுக்குள்ளயும் மேகம் எறங்குமுங்களா?"

"ஏன் கண்ணு?"

"எல்லாம் வெள்ளையாத் தெரியுதுங்க. அடுப்புல எரியற தீகூட வெள்ளையா இருக்குதுங்க. டாக்டரைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

மூடிய அறையில் மெத்தனால் ஆவி கண்ணை என்ன செய்யும் என்று படித்துவிட்டுத்தான் சார் நான் இந்த வேலைக்கு வந்தேன். டாக்டர் அர்த்தனாரி பக்கத்து அறையில்தான் இருந்தார். என்ன வேலை செய்கிறாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும். அன்றே சேலத்துக்கு அனுப்பியிருந்தால் பார்வை தப்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் அலமாரியிலிருந்து ஒரு கண் சொட்டு மருந்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். "குளிர் காலத்துல எல்லாத்துக்கும் இப்படித்தான் சாமி. டாக்டர் எதுக்கு? போய் வேலையப் பாரு" என்றேன். தீபாவளி ஆர்டர் பாதிகூட முடியாமல் கிடந்தது.

கும்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த வாரம் சுவரைத் தடவிக்கொண்டு வேலைக்கு வந்தாள். உட்கார வைத்து, புனலை விரலில் பிடித்துக் கொடுத்தேன். நன்றாகவே நிரப்பினாள். பார்சல்கள் எல்லாம் நேரத்துக்குப் பஸ் ஏறின.

இப்போது அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. சென்றாயன் உங்களிடம் வந்து அழுததாகச் சொன்னீர்கள். தெரிந்தே செய்தீர்களா என்று மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். ஆமாம் சார், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் பார்வை முழுசாகப் போன பிறகும் அவளை நான் நிறுத்திவிடவில்லை, அதையும் எழுதுங்கள். இந்த மலையில் கண் தெரியாதவளுக்கு வேறு யார் சார் வேலை கொடுப்பார்கள்?