பெரிய பேருக்குக் கீழே சின்ன எழுத்து

டெய்லரக்கா: கையை எடுங்க. பாக்கெட்டை நான் ஏற்கெனவே பாத்தாச்சு.

வேன் மாமா: துவைக்கப் போற சட்டையை எதுக்கு நோண்டுற?

டெய்லரக்கா: துவைக்கப் போறதாலதான் நோண்டுனேன். உள்ள பேப்பர் கிடந்தா மத்த துணியிலயெல்லாம் பஞ்சு பஞ்சா ஒட்டிக்கும். பேப்பர் வரல. இந்த மாத்திரை அட்டை வந்துச்சு.

வேன் மாமா: அது... சளிக்கு.

டெய்லரக்கா: யாருக்குச் சளி?

வேன் மாமா: எனக்குத்தான்.

டெய்லரக்கா: எங்க, ஒரு தும்மல் போடுங்க பாப்போம்.

வேன் மாமா: கேட்டவுடனே வர்றதுக்கு அது என்ன வேன் ஹாரனா?

டெய்லரக்கா: சிரிக்காதீங்க. எனக்குச் சிரிப்பு வரல. நேத்து சிக்னல்ல பச்சை விழுந்தும் நம்ம ஸ்கூல் வேன் நகரலயாம். பின்னாடி நின்ன அத்தனை வண்டியும் ஹாரன் அடிச்சிருக்கு. நீங்க ஸ்டியரிங்ல தலையைச் சாய்ச்சுத் தூங்குறீங்க. அந்த ரெட்டைப்பின்னல் குட்டி எந்திரிச்சு வந்து, "வேன் மாமா, வேன் மாமா"ன்னு தோளை உலுக்கியிருக்கா.

வேன் மாமா: வண்டி நின்னுட்டுத்தாம்மா இருந்துச்சு...

டெய்லரக்கா: ஓடிட்டு இருந்திருந்தா?

வேன் மாமா: அதான் ஓடலயே.

டெய்லரக்கா: பேச்சை மாத்தாதீங்க. ஓடிட்டு இருந்திருந்தா?

வேன் மாமா: அதை நினைச்சுப் பாக்கவே என்னால முடியல. நீயும் கேக்காத. அதான் ஓனர் சாவியை வாங்கி வச்சுக்கிட்டாரே.

டெய்லரக்கா: டாக்டரைப் பாத்துட்டு, ஏன் தூங்குனீங்கன்னு காரணம் தெரிஞ்சாத்தான் சாவின்னு சொல்லிட்டாராமே.

வேன் மாமா: நியாயம்தானே. நான் ஓனரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா இன்னைக்குக் காலையில அவரே வேனை ஓட்டிட்டு நம்ம தெரு வழியாப் போறாரு. பிள்ளைங்கல்லாம் ஜன்னல்ல தலையை விட்டு எனக்குக் கை காட்டுதுங்க. அந்த மனுஷனுக்குப் பிரேக்கை மெதுவாப் போடவே தெரியாது. பின்சீட்டுப் பயல் கண்டிப்பா வாந்தி எடுத்திருப்பான்...

டெய்லரக்கா: கண்ணைத் துடைங்க. கண்ணைத் துடைச்சிட்டு உண்மையைச் சொல்லுங்க. நான் காலையில மெடிக்கல் ஷாப்புக்குப் போயிட்டு வந்துட்டேன்.

வேன் மாமா: தைச்ச துணி கொடுக்கப் போறேன்னுதானே போன?

டெய்லரக்கா: பொய்தான். இந்த வீட்டுல பொய் சொல்ல உங்களுக்கு மட்டும்தான் உரிமையா? இந்த அட்டையையும், உங்க பழைய ஷேவிங் டப்பாவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்த சிரப் பாட்டிலையும் கொண்டு போய்க் காட்டினேன்.

வேன் மாமா: அடிப்பாவி, டப்பாவைக் கூட விடலயா?

டெய்லரக்கா: ராத்திரி என்னென்ன சாப்பிடுறீங்க? ஒழுங்கா சொல்லுங்க.

வேன் மாமா: ரைனாடிப்னு அந்த மாத்திரை. அப்புறம் காஃப்மிந்த் சிரப், ஒரு மூடி. மாத்திரை மூக்குக்கு, சிரப் தொண்டைக்கு. ரெண்டும் வேற வேற. நான் யோசிச்சுத்தான் சாப்பிடுறேன்.

டெய்லரக்கா: நல்லா யோசிச்சீங்க. அட்டையில அந்தப் பெரிய பேருக்குக் கீழ சின்ன எழுத்து இருக்குல்ல? அதைப் படிங்க.

வேன் மாமா: இது எழுத்தா, எறும்பு ஊருதா? ஒண்ணும் தெரியல. உன் கண்ணாடியைக் கொடு.

டெய்லரக்கா: மெஷின் டிராயர்ல இருக்கு... இருங்க, இருங்க! நானே எடுத்துட்டு வரேன்!

வேன் மாமா: உக்காரும்மா. இந்த வீட்டுல டிராயர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?

டெய்லரக்கா: மேலயேதான் இருக்கும். உள்ள கையை விடாதீங்க, ஊசி கிடக்கு... கிடைச்சுதா?

வேன் மாமா: ம்ம். கிடைச்சுது.

டெய்லரக்கா: ஒரு கண்ணாடி எடுக்க இவ்வளவு நேரமா? சரி, படிங்க.

வேன் மாமா: பு... ரோ... மெத்... தசின்.

டெய்லரக்கா: இப்ப சிரப் பாட்டில்.

வேன் மாமா: பு... ரோ... அட! இதுலயும் புரோமெத்தசின்தான் போட்டிருக்கு. அச்சுப் பிழையா இருக்குமோ?

டெய்லரக்கா: உங்க தலைப் பிழை. மேல பெரிசா இருக்கிறது கம்பெனிக்காரன் விக்கிறதுக்கு வச்ச பேரு. கீழ பொடியா இருக்கே, அதுதான் உள்ள இருக்கிற மருந்து. ஒரே ஆளு சட்டையை மாத்திக்கிட்டு ரெண்டு தடவை வந்திருக்கான். நீங்க ரெண்டு பேருன்னு நினைச்சு ரெண்டு தடவையும் உள்ள விட்டிருக்கீங்க.

வேன் மாமா: ஐயையோ. அப்போ தினமும் டபுளா...

டெய்லரக்கா: டபுளுதான். மெடிக்கல் ஷாப் அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. தும்மல், அரிப்புக்குக் கொடுக்கிற மருந்தாம். தூக்கத்தை அள்ளிட்டு வருமாம். ராத்திரி சாப்பிட்டா காலையிலயும் அந்த அசதி விடாதாம். வண்டி ஓட்டுறவங்க சாப்பிடக் கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கு. அதையும் படிங்க.

வேன் மாமா: படிச்சேன்... படிச்சேன்மா. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு... கடவுளே.

டெய்லரக்கா: எந்த மருந்து வாங்கினாலும் வீட்டுல ஏற்கெனவே சாப்பிடுறதைக் கொண்டு வந்து காட்டிட்டுத்தான் வாங்கணுமாம். அப்புறம் என்கிட்ட மூணு கேள்வி கேட்டாங்க. வண்டி ஓட்டுவாரான்னு கேட்டாங்க. பொழப்பே அதுதான்னேன். குடிப்பாரான்னு கேட்டாங்க. டீ மட்டும் அண்டா அண்டாவா குடிப்பார்னேன்.

வேன் மாமா: மூணாவது?

டெய்லரக்கா: அது... ஒண்ணுமில்ல. அதை விடுங்க. உங்களுக்கு மூக்கும் ஒழுகல, தொண்டையும் கட்டல. தூங்குறதுக்காகத்தானே இதைச் சாப்பிட்டீங்க?

வேன் மாமா: ஆமாம்மா. தூக்கமே வரல.

டெய்லரக்கா: ஏன் தூக்கம் வரல? என்ன கவலை? உடம்புக்கு ஏதாவதா? எனக்குத் தெரியாம டாக்டர் ஏதாவது சொன்னாரா? நேத்துல இருந்து நான் என்னென்னமோ நினைச்சு... எனக்கு நீங்க இல்லாம ஒண்ணுமே இல்லங்க. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க.

வேன் மாமா: ஏய், அழாத. அழாதம்மா. ஒரு நோயும் இல்ல. நான் கல்லு மாதிரி இருக்கேன். படுத்தா நான் தூங்குறது பக்கத்துல இருக்கிறவங்களுக்கே தெரியாது. அவ்வளவு அமைதியாத் தூங்குற ஆளு நான்.

டெய்லரக்கா: க்ஹும்.

வேன் மாமா: என்ன?

டெய்லரக்கா: தொண்டை.

வேன் மாமா: சிரப் வேணுமா?

டெய்லரக்கா: உதை வேணுமா? ஏன் தூக்கம் வரலன்னு கேட்டேன்.

வேன் மாமா: சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது.

டெய்லரக்கா: மாட்டேன்.

வேன் மாமா: அம்மா வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

டெய்லரக்கா: தைக்கிற துணி மலையாக் கிடக்கு, எங்க கிளம்புறது? சொல்லுங்க.

வேன் மாமா: நீ... கொஞ்சம்... குறட்டை விடுறம்மா.

டெய்லரக்கா: நானா?

வேன் மாமா: முன்னெல்லாம் மெல்லிசா, பூனை மாதிரி கேக்கும். நல்லாத்தான் இருக்கும். இப்ப கொஞ்ச நாளா பூனை புலியாயிடுச்சு. போன மாசம் கீழ் வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, "ராத்திரியில மெஷின் ஓட்டுறாங்களா?"ன்னு கேட்டாரு. ஆமா, அவசரத் தையல்னு சொல்லிச் சமாளிச்சேன்.

டெய்லரக்கா: உங்ககிட்டயும் கேட்டாரா!

வேன் மாமா: ஏன், உன்கிட்டயும் கேட்டாரா?

டெய்லரக்கா: இல்ல... சும்மா சொன்னேன். ஏங்க, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தட்டி எழுப்பக் கூடாதா?

வேன் மாமா: எப்படிச் சொல்றது? உங்க அக்கா குறட்டை விடுறாங்கன்னு சகலை பாயைச் சுருட்டிக்கிட்டு ஹாலுக்குப் போனாருல்ல? அன்னைக்கு நீ எப்படி அழுதே? "கட்டுன புருஷன் வேற ரூம்ல படுத்தா அது வீடா, லாட்ஜா?"ன்னு கேட்டியே. அதுக்கப்புறம் எனக்கு எப்படி வாய் வரும்? நீ எந்திரிச்சு ஹாலுக்குப் போயிடுவியோன்னு பயம். நீ பக்கத்துல இல்லாம எனக்குத் தூக்கம் வராது. நீ இருந்தாலும் வரல. நான் என்னதான் பண்றது?

டெய்லரக்கா: லூசு... லூசு மனுஷா. அதுக்காகக் கண்ட மருந்தையும் குடிப்பீங்களா?

வேன் மாமா: இனிமே தொட மாட்டேன். சத்தியமா. சாயந்திரமே டாக்டர்கிட்ட போவோம். உள்ளதைச் சொல்வோம். ஓனர்கிட்டயும் நானே சொல்லிடறேன், மாத்திரை சாப்பிட்டுத்தான் தூங்கினேன்னு. அசதி முழுசாப் போச்சுன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் சாவியை நான் கேக்கவே மாட்டேன்.

டெய்லரக்கா: ம்ம். இப்பதான் நீங்க என் ஆளு.

வேன் மாமா: ஆனா டாக்டர்கிட்ட ரெண்டு டோக்கன் போடணும்.

டெய்லரக்கா: எதுக்கு ரெண்டு?

வேன் மாமா: போன வாரம் ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பி வச்சுத் தைச்சியே, ஏன்?

டெய்லரக்கா: கண்ணு சரியாத் தெரியல.

வேன் மாமா: ஊசியை விரல்ல ஏத்திக்கிட்டியே?

டெய்லரக்கா: கை வழுக்கிடுச்சு.

வேன் மாமா: முந்தாநாள் டீயில உப்பு?

டெய்லரக்கா: டப்பா மாறிடுச்சு. என்ன இது, போலீஸ் விசாரணை மாதிரி?

வேன் மாமா: உன் டிராயர்ல கண்ணாடி மட்டும் இல்லம்மா. நூல்கண்டுக்குக் கீழ இதுவும் இருந்துச்சு. ஜர்னிலா. பஸ்ல போறவங்களுக்கு வாந்தி வராம இருக்கச் சாப்பிடுற மாத்திரை. பாதி அட்டை காலி. நீ எங்கம்மா தினமும் பயணம் போற? மெஷின்லருந்து அடுப்புக்கா?

டெய்லரக்கா: கொடுங்க அதை.

வேன் மாமா: இரு, நீதானே படிக்கச் சொல்லிக் கொடுத்தே? பெரிய பேரை விட்டுடணும். கீழ சின்ன எழுத்து. பு... ரோ... மெத்... தசின்.

டெய்லரக்கா: ...அச்சுப் பிழையா இருக்கும்.

வேன் மாமா: பகல் பூரா தூங்கி வழிஞ்சுக்கிட்டு ஊசியில கை வச்சிருக்கே. உனக்கு எதுக்கு இது?

டெய்லரக்கா: அந்த மூணாவது கேள்வி இருக்குல்ல...

வேன் மாமா: ம்ம்.

டெய்லரக்கா: "உங்க வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா? இந்த மருந்து சாப்பிட்டா அது இன்னும் ஜாஸ்தியாகும், மூச்சும் தடைபடலாம், டாக்டர்கிட்ட காட்டணும்"னு கேட்டாங்க. அங்க நாலு பேர் நின்னாங்க. என் வீட்டுக்காரர் தூங்குறது எனக்கே தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

வேன் மாமா: சரியாத்தானே சொல்லியிருக்கே?

டெய்லரக்கா: க்ஹும்.

வேன் மாமா: ஏன் அப்படிப் பாக்குற? நானா? நான் குறட்டையா? போடி! கீழ் வீட்டுக்காரர் மெஷின் ஓடுதான்னுதானே கேட்டாரு? அது உன் சத்தம்.

டெய்லரக்கா: உங்ககிட்ட மரியாதைக்கு அதோட விட்டிருக்காரு. என்கிட்ட, "ரெண்டு மெஷின் ஓடுற சத்தம் கேக்குதே, வேலைக்கு ஆள் வச்சிருக்கீங்களாக்கா?"ன்னு கேட்டாரு. "ஆமாங்க, கல்யாணத்தன்னைக்கே வச்சேன், நல்ல ஆளு, வேற ரூமுக்குக் கூட அனுப்ப மனசு வரல"ன்னு சொல்லிட்டு, வர்ற வழியில, சாப்பிட்டா தூக்கம் வரும்னு ஜர்னிலாவை வாங்கிட்டு வந்தேன்.