போனது எல்லாம் சேர்ந்ததா

— ரெண்டு தடவை பாத்துட்டேன் சார். கட்டுரைல என் பேர் எங்கயுமே இல்ல.

— கடைசில நன்றின்னு ஒரு வரி இருக்கு பாரும்மா. ‘ஆய்வு மாணவர்கள்’னு போட்டிருக்கேன்.

— டீ வாங்கிட்டு வந்தவங்களுக்குச் சொல்ற மாதிரி. டேட்டா அனுப்பற அந்த புரோட்டோகால்ல ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. வேலை கேட்டுப் போற எடத்துல எதைக் காட்டுவேன்? எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்சவ நான் ஒருத்திதான். சிபாரிசுக்கு மாமா, சித்தப்பான்னு யாரும் கிடையாது.

— கொஞ்சம் பெருந்தன்மை வேணும்மா. எழுதினது நீதான், ஓட வெச்சது யாரு? நேத்து பெரிய மனுஷங்க முன்னாடி, அந்த நட்சத்திரம் வெடிச்சப்ப எடுத்த டெலஸ்கோப் டேட்டா மொத்தமும் அவங்க காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள டேட்டா சென்டருக்குப் போச்சு. கை தட்டினாங்கம்மா.

— அரை நாள் ஆகணுமே.

— உன் வழில ஆகும். எது வந்துது, எது வரலன்னு அந்தப் பக்கத்தை நச்சரிச்சுட்டே இருந்தே பாரு, அதைத் தூக்கிட்டேன்.

— தூக்கிட்டீங்களா.

— பறந்துதும்மா.

— வழியில விழுந்த டேட்டா துண்டை யாரு சார் திருப்பி அனுப்புவா?

— திரையில முழுசும் போச்சுன்னு வந்துதே.

— அது இங்கருந்து கிளம்பின கணக்கு. அங்க சேந்த கணக்கு இல்ல. இருங்க, அவங்களுக்கே போன் போடறேன். ஸ்பீக்கர்லயே கேளுங்க. அண்ணா, டெலஸ்கோப் லேப்ல இருந்து பேசறேன். நேத்து அனுப்பினது எவ்வளவு வந்திருக்கு?

— நேத்தா? நேத்து சர்வர் பூரா நிறுத்திட்டு ஏசி மாத்தினோமேம்மா. மெயில் போட்டிருந்தோமே, உங்க சார் பாக்கலயா? இப்பத்தான் ஆன் பண்றேன். திருப்பி அனுப்பு, வாங்கிக்கறேன்.

— சரிண்ணா, வெச்சுடறேன். கேட்டீங்களா சார்? ஆளே இல்லாத வீட்டுக்கு அனுப்பிட்டுக் கைதட்டு வாங்கிருக்கீங்க.

— திருப்பி அனுப்பச் சொல்றாரே. அனுப்பு.

— எதை? முழுசா வந்துதுன்னு அவங்க சொன்னாதான் நம்ம டிஸ்க்க அழிக்கணும்னு வெச்சிருந்தேன். நீங்க அந்தக் கேள்வியவே தூக்கினதும், அனுப்பி முடிச்ச கையோட அது டிஸ்க்க அழிச்சிடுச்சு. அந்த நட்சத்திரம் உங்களுக்காக இன்னொரு தரம் வெடிக்காது சார். என்னன்னு மேல அறிக்கை குடுப்பீங்க?

— உக்காரும்மா. யோசிச்சுப் பாத்தா நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. புரோட்டோகால் உன்னோடதுதான். அறிக்கைல உன் பேரையே போட்டுடலாம்.