கப்பலில் கொடுத்த வாக்கு

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பேருந்து. திருவிடைமருதூர் தாண்டியதும், என் முன்சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்: “கப்பல்ல சொன்னதெல்லாம் கணக்குல சேராது.”

நியூசிலாந்தில் வேலை பார்க்கும் மகள், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வேனில் இருவருக்கும் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறாள். வேனைக் கப்பலில் ஏற்றி அடுத்த தீவுக்குப் போகும்போது கடல் கொந்தளித்துவிட்டது.

“நாற்காலியக் கட்டிப் புடிச்சுகிட்டு, ‘பொழச்சுக் கரையேறுனா அந்தப் பையனையே கட்டிக்கம்மா’ன்னு சொன்னது யாருங்க?”

“உசுரு பயம். அந்த நேரத்துல நிலத்தைக் கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.”

“அவ நிலத்தைக் கேக்கலையே. ரெண்டு வருஷமா இது ஒண்ணைத்தான் கேக்குறா.”

“நம்ம சனத்துக்கு என்ன பதில் சொல்றது?”

“அன்னைக்கு உங்க தலையத் தாங்கிப் புடிச்சது எந்தச் சனம்? தானும் வாந்தி எடுத்துகிட்டு, அவதானே புடிச்சிருந்தா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே நடவு முடிந்த வயல்கள். கொஞ்ச நேரம் கழித்து, “நான் அப்படிச் சொன்னதும் அழுதாளே. அலைக்குப் பயந்து அழுவுறான்னு நெனச்சேன்” என்றார்.

“கரைக்கு வந்து வேன் ஓட்டும்போதும் அழுதுகிட்டேதான் ஓட்டுனா. நீங்க பின்னாடி படுத்திருந்தீங்க.”

ஆடுதுறை வந்தது. இறங்குவதற்காக எழுந்தவர், கம்பியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்:

“அவ போன் பண்ணும்போது அந்தப் பையனோட அப்பா நம்பரை வாங்கி வை. நானே பேசுறேன்.”